ஆறு நாள் தொழில்

“இதுல பிரேக்கு எதுங்க?” என்று அழகர் ஆறாம் நாளும் கேட்டார்.

துறைமுகத்து கிரேனின் கூண்டுக்குள் மொத்தம் மூன்று பிடிகள்தாம். கம்பனிக் கிளாக்கர் பலீல் ஏணியில் தொங்கிக்கொண்டு நடுப்பிடியை மறுபடியும் தொட்டுக் காட்டினார்.

“இது தான் வாப்பா. நேத்தும் இது தான், இன்டக்கும் இது தான்.”

கீழே நின்ற வேலைநிறுத்தக்காரர் நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒரு மாதமாகச் சம்பளம் இல்லாதவர்களுக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. ஆனாலும் வந்தது.

விஷயம் இதுதான். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கம்பனி ஒரே கூலி கொடுத்துவந்தது. கிரேன் ஓட்ட ஏழு வருஷப் பழக்கமும் தனிக் கைவாகும் வேண்டும், அதற்கேற்ற சம்பளமும் வேண்டும் என்றது சங்கம். தெருவில் போகிற எவனையும் ஆறே நாளில் பழக்கிவிடலாம் என்றார் கம்பனியின் வெள்ளைக்காரத் துரை.

நடுவராகப் புதுக்கடைக் கோர்ட்டிலிருந்து வந்த வக்கீல் புரொக்டர், வாயால் சொன்னது போதும், செய்து காட்டுங்கள் என்றார். துரை காட்டிவிட்டால் சங்கம் பழைய கூலிக்கே திரும்ப வேண்டும். காட்டாவிட்டால் துரை சம்பளத்தைக் கூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டன.

ஆள் தேடித் துரை துறைமுக வாசலுக்கு வந்தபோது, அங்கே கடலை விற்றுக்கொண்டிருந்தவர் இந்த அழகர். யப்பான் சண்டைக் காலத்தில் எங்கிருந்தோ கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்.

சங்கச் செயலாளர் ஹெக்டர் குறுக்கே பாய்ந்தார். “இந்தாளை மட்டும் வேண்டாம், சேர். கடலைச் சுருளே ஒழுங்காச் சுத்தத் தெரியாத மனுசன். எங்கட தொழிலை அவமானப்படுத்தாதேங்கோ.”

துரைக்கு அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“இவன் தான் வேணுமெண்டு தொர செல்றாரு,” என்றார் பலீல்.

ஐந்து நாளும் வெறுங்கொக்கியோடுதான் பழக்கம். முதல் நாள் கொக்கி போய்க் காவற்காரனின் கூரைத் தகரத்தைப் பெயர்த்தது. மூன்றாம் நாள் துரையின் தொப்பியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் விட்டது. தொப்பியை மட்டும்தான், தலைமயிர்கூடக் கலையவில்லை. துரைக்கு நல்ல அதிர்ஷ்டம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் பாரம் தூக்க வேண்டும். மண்மூடை ஒன்றைக் கட்டச் சொன்னார் துரை. ஹெக்டர் விடவில்லை.

“மண் விழுந்தால் ஆருக்கு நட்டம்? உடையிற சாமானாக் கட்டுங்கோ. அப்பத்தானே சேர், அது சோதனை.”

நடுவரும் தலையாட்டினார். சீமையிலிருந்து வந்திறங்கிய பீங்கான் கோப்பைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருபது டசின். அதைக் கரையிலிருந்து தூக்கி, தண்ணீருக்கு மேலாகக் கொண்டுபோய், தள்ளி நின்ற பாரப் படகில் இறக்க வேண்டும்.

ஹெக்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெட்டி எழுந்தது. தண்ணீருக்கு மேலே வந்ததும் கடற்காற்று பிடித்துக்கொள்ள, ஆடத் தொடங்கியது. படகில் நின்ற இருவர் கடலில் குதிக்கச் சாரத்தை மடித்துக் கட்டினார்கள்.

அழகர் பெட்டியை இழுத்துப் பிடிக்கவில்லை. அது ஆடிய பக்கமே கிரேனின் கையையும் ஒரு முழம் கொண்டுபோனார். பெட்டி அப்படியே நின்றது. பிறகு அது இறங்கியது படகுக்கே தெரியவில்லை.

பலீல் பெட்டியைத் திறந்து எண்ணினார். இருநூற்று நாற்பது கோப்பையும் கப்பலில் வந்ததைவிடச் சௌக்கியமாக இருந்தன.

துரை ஆறு விரலைக் காட்டினார். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பழைய கூலிக்கு ஒப்பம் வைக்க நாற்பது பேரும் வரிசையில் போனார்கள். அவர்களில் மூத்தவரான ஒஸ்வால்ட், அழகரைக் கடக்கும்போது நின்றார்.

“என்ர முப்பது வருஷத்தை நீ ஆறு நாளில திண்டிட்டாய், என்ன?”

அழகர் ஒதுங்கி வழிவிட்டார். துரை கூப்பிட்டுக் கொடுத்த கிரேன் வேலையையும் வேண்டாம் என்றுவிட்டார். கடலைக் கூடையை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தார்.

பொழுதுபடும் நேரம் கொட்டாஞ்சேனையில் ஹெக்டரின் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஹெக்டரின் மனைவி பிறிஜெற் தேத்தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அழகர் அதைத் தொடவில்லை.

“நாப்பது வீட்டுப் பாவம் என் தலையிலதாண்ணே,” என்றார்.

ஹெக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அடித்திருந்தாலும் பரவாயில்லை, அவர் சத்தம்கூடப் போடவில்லை.

“நான் உமக்கு என்ன சொல்லி அந்த வாசல்ல இருத்தினனான்?”

“கீழ போடச் சொன்னீங்க.”

“எங்கை?”

“கடல்ல.”

“அஞ்சு நாளும் வடிவா நடிச்சனீர். இண்டைக்கு என்ன வந்தது?”

அழகர் தம் இரண்டு கைகளையும், அவை வேறு யாருடையவோ போல, திருப்பிப் பார்த்தார்.

“வெறுங்கொக்கி இருந்த மட்டும் சொன்னதக் கேட்டுச்சு. பாரம் ஏறினதும் கேக்கல. ரங்கூன்ல பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டின கைண்ணே.”