ஏழடுக்கு கேக்

“எங்க பொண்ணு கல்யாணத்துல ஏழடுக்கு கேக் வெட்டினோம்!” என்று சம்பந்தியம்மா பீற்றிக்கொண்டதிலிருந்து மணப்பெண்ணின் அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

பேக்கரிக்காரர் அசராமல் வழி சொன்னார். “ஏழும் தெர்மாகோல், மேல க்ரீம். வாடகைக்குத் தரேன். பின்பக்கம் ரோஜாவுக்குக் கீழ மட்டும் நிஜ கேக் இருக்கும், அங்க வெட்டச் சொல்லுங்க. வந்தவங்களுக்குச் சமையல்கட்டுலேருந்து சாதா கேக் துண்டு போட்டு அனுப்பிடலாம்.”

அப்பா மகளிடம் சொல்லிவைத்தார். ஆனால் வரவேற்பு மேடையில் கத்தி மாப்பிள்ளை கையில் இருந்தது. அவர் நேராக முன்பக்கம் ஓங்கினார். மானம் கப்பலேறப் போகிறதென்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சம்பந்தியம்மா பாய்ந்து மகனின் கையைப் பிடித்தார்.

“அங்க இல்லடா! பின்னாடி, ரோஜாவுக்குக் கீழ வெட்டு. உங்க அக்கா கல்யாணத்துலயும் அங்கதானே வெட்டினோம்!”