சொட்டு மருந்தும் ஜன்னல் திரையும்

வைட்டமின் டி சொட்டு மருந்து பாட்டிலுக்கு அன்று தலைகால் புரியவில்லை. அதன் முதல் சொட்டு குழந்தை ஆதிரையின் நாக்கில் விழுந்திருந்தது.

"எலும்புக்கு மட்டுமில்லக்கா, இந்தப் பிஞ்சு நெஞ்சு துடிக்கிறதே இனி என்னாலதான்" என்று ஜன்னல் திரையிடம் பீற்றிக்கொண்டது.

"பிள்ளை கறுத்துடும்னு அவங்கம்மா என்னை எந்நேரமும் இழுத்து மூடி வெச்சிருக்காங்க. வெயிலே படாத பிள்ளைன்னுதான் டாக்டர் உன்னை எழுதிக் கொடுத்தார்" என்றது திரை.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்துத் திரையை ஒதுக்கியது. திறந்த ஜன்னல் வழியே வெயில் தரையில் வந்து குதித்தது. ஆதிரை கெக்கலித்துத் தவழ்ந்துபோய் அதன் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் வெயிலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.



"அக்கா, சீக்கிரம் மூடுங்க" என்று பாட்டில் பதறியது. "பிள்ளை கறுத்துடும்."