நெஞ்சளவுச் சுவர்

ஆமினா உம்மா கதிரையில். முத்தலிப் மேசன் விறாந்தைப் படியில், கால் நிறையச் சீமெந்துத் தூளோடு. இளைய மகள் றம்ஸியா பாயில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. மூத்தவள் ஸல்ஹா மேசைக்கு முன்னால், கையில் பேனையோடு.

றம்ஸியாவின் புருஷன் ஜவாஹிர் குவைத்தில். ஆனாலும் மேசைக்கு நடுவில் அவன்தான் இருந்தான், அவன் அனுப்பின படமாக.

ஏதோ புத்தகத்தில் கிழித்த படம். உயரமான ஒரு வீடு. மேல்மாடியின் ஓரத்தில் கம்பியும் இல்லை, சுவரும் இல்லை. தடித்த கண்ணாடி மட்டும். அதன் தலையில் அலுமினியக் கைப்பிடி.

கூட வந்த கடிதத்தில்: "இங்கே பெரிய வீடுகளுக்கு இப்படித்தான் போடுகிறார்கள். நமது பிளாட் கூரையைச் சுற்றிக் கண்ணாடியா, கம்பியா, சுவரா என்று எல்லோரும் யோசித்து எழுதவும்." கண்ணாடி கொழும்பில் எடுக்கலாமாம்.

ஸல்ஹாதான் வாசித்துக் காட்டினாள். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் அவள் ஒருத்தி. ஜவாஹிரின் கடிதம் எல்லாம் அவள் வாயால்தான் வரும். றம்ஸியாவின் பதில் எல்லாம் அவள் கையால்தான் போகும். 'என் கண்ணான றம்ஸியாவுக்கு' என்ற முதல் வரியையும் அவள்தான் சத்தமாக வாசிக்கவேணும்.

ஸல்ஹாவின் புருஷன் முனாப் தன் பெண்சாதிக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுதுவதற்கு அவன் எங்கே போனான்? கடலால் மூதூருக்குச் சனம் ஏற்றும் லாஞ்சிப் படகில் வேலை. காலையில் போவான், பொழுதுபட வருவான். சட்டையில் டீசல் மணக்கும்.

ஒரே வளவைப் பிரித்துத்தான் உம்மா இரண்டு பேருக்கும் சீதனம் கொடுத்தா. மேட்டுப் பக்கமும் பழைய வீடும் ஸல்ஹாவுக்கு. பள்ளத்துத் துண்டு றம்ஸியாவுக்கு. அன்றைக்கு ஸல்ஹாவுக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.

இன்றைக்கு அந்தப் பள்ளத்தில் கொங்கிரீட் பிளாட் போட்ட வீடு எழும்பி நிற்கிறது. மேட்டு விறாந்தையில் இருந்து பார்த்தால் முதலில் அந்தத் தட்டைக் கூரை, அதற்கு அப்பால்தான் துறைமுகம். கூரைக்கு ஏறப் படியும் வைத்தாயிற்று. பின்னேரத்தில் மேலே நின்று காற்று வாங்கலாமாம்.

குவைத்தில் இருந்து தங்கச்சிக்குக் கசட் றேடியோ வந்தது, ஸல்ஹா பொறுத்தாள். பூப்போட்ட சேலைத் துணி வந்தது, அதில் தனக்கும் ஒரு துண்டு வந்தது, அதையும் பொறுத்தாள்.

கண்ணாடியும் வந்துவிட்டால்? பஸ்ஸில் போகிறவன்கூடக் கையை நீட்டிக் குவைத்காரன் வீடு என்பான். இந்த மேட்டு வீட்டுக்கு அதற்குப் பிறகு ஒரு பெயர்தான்: அதுக்குப் பின்னால இருக்கிறது.

"கண்ணாடி சரிவராது," என்றாள் ஸல்ஹா. "தங்கச்சி மேல நிண்டா, கீழ போறவன் எல்லாம் பாதம் தொட்டு முக்காடு வரைக்கும் பார்ப்பான். பேக்கரி அலுமாரியில வைச்ச கேக் மாதிரி."

முத்தலிப் மேசனுக்குச் சிரிப்பு வந்தது. சுவர் என்றால் அவருக்கு இன்னும் ஒரு கிழமை வேலை. "காகமும் வந்து முகம் பார்க்கும். முகம் பார்த்த காகம் சும்மா போகுமோ? பிறகு ஆர் கழுவுறது?"

கம்பி கடற்காற்றுக்குக் கறள் பிடிக்கும் என்று உம்மா அதையும் தள்ளிவிட்டா. "மூத்தவ சொல்றதுதான் சரி. சுவரைக் கட்டட்டும். நெஞ்சளவுக்கு."

"எனக்கெண்டா கண்ணாடிதான் ஆசை," என்றாள் றம்ஸியா, பாயைப் பார்த்தபடி.

"ஆசை இருக்கும்தானே," என்றாள் ஸல்ஹா.

எழுதினாள். அவளுடைய எழுத்து எப்போதும் கோடு போட்ட மாதிரி இருக்கும். எல்லோரும் கூடிக் கதைத்ததில் நெஞ்சளவுச் சுவரே நல்லதென்று முடிவு. றம்ஸியாவுக்கும் அதுவே விருப்பம்.

அந்தக் கடைசி வரியையும் சேர்த்தே உரத்து வாசித்தாள். றம்ஸியா எழும்பிப் பாயைச் சுருட்டினாள்.

உம்மா தொழுகைக்கு ஒளுச் செய்யக் கிணற்றடிக்குப் போனா. மேசன் எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு கடிதத்துக்காக முற்றத்தில் நின்றார்.

றம்ஸியா மேசையடிக்கு வந்தாள்.

"சுவர் எழும்பினா மச்சான்ட லாஞ்சி வாறது உங்களுக்குத் தெரியாது, ராத்தா. அதுக்குத்தான் கண்ணாடி கேட்டனான். லாஞ்சியைக் கண்டவுடனே நீங்க ஓடிப்போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்கிறத நான் கீழ இருந்து ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான்."

சொல்லிவிட்டுத் துறைமுகத்தைப் பார்த்தாள். குவைத்தில் இருந்து லாஞ்சி ஒன்றும் அந்தப் பக்கத்தால் வருவதில்லை.

ஸல்ஹாவும் பார்த்தாள். வெறும் பிளாட்டின் ஓரத்தில் மனசுக்குள் சுவரை எழுப்பிப் பார்த்தாள். தண்ணீர் முழுக்கப் போயிற்று. வானம் மட்டும் மிச்சம்.

கடிதத்தின் அடியில் இடம் இருந்தது. கண்ணாடியே போடட்டும் என்று ஒரு வரி போதும்.

எழுதினால் முனாப் வருவது தெரியும். ஆனால் அது றம்ஸியா விட்டுக்கொடுத்த கடலாக இருக்கும். பொழுதுபடும் நேரமெல்லாம் தங்கச்சியின் தயவில் கேத்தல் வைக்கவேணும்.

கவரின் ஓரத்தை நாக்கால் நனைத்தாள். பசை கசந்தது. மடித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, மேசனிடம் நீட்டினாள்.

"போற வழியில பெட்டிக்குள்ள போட்டுடுங்க."

அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் இறங்கினார். அவருடைய தலைக்கு அப்பால், பிளாட்டுக்கும் அப்பால், முனாபின் லாஞ்சி துறைமுகத்துக்குள் திரும்பியது.

ஸல்ஹா கேத்தல் வைக்கப் போகவில்லை. லாஞ்சி வந்து கட்டும் வரைக்கும் நின்று பார்த்தாள்.