பயந்தாங்கொள்ளியின் கம்ப்யூட்டர்

“நம்ம பயந்தாங்கொள்ளி மறுபடியும் அலையைத் தேட உக்காந்துட்டாரு!” என்று சொர்ணம்மா வாசலில் நின்று சிரித்தாள். மகள் சுகுணாவின் நர்சிங் ரிசல்ட் பார்க்க வந்திருந்தாள்.

சந்திரசேகர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கச்சால் தீவின் இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லய வீடுகளுக்கெல்லாம் அவருடைய பிரவுசிங் சென்டர் ஒன்றுதான். கப்பல் எப்போது வரும், பிள்ளைகள் எதற்கு விண்ணப்பிக்கலாம், எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். ஆனால் யார் வந்தாலும் சுனாமி எச்சரிக்கைப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் மற்றது.

“அண்ணே, ரிசல்ட்டு...”

“செத்த இரு தங்கச்சி. இதைப் பாத்துட்டு.”

டிஷ் வழியாக வரும் நெட் நகர்ந்து நகர்ந்து வந்தது. அவர் இமைக்காமல் பார்த்தார். எதுவும் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ரிசல்ட் பக்கத்தைத் தட்டினார்.

கேலி செய்வார்களே தவிர, யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய சனம், கடலைப் பற்றி என்னத்தைக் கண்டது? சுனாமி வந்த அன்றைக்குக் கடல் உள்வாங்கியதும், தரையில் மீன் துள்ளுகிறதென்று கூடையோடு ஓடினார்கள். ராஜகுமாரியின் கையில் கூடையைக் கொடுத்து, “ஜல்தி போ குமாரி, நல்ல மீனாப் பாத்து அள்ளு” என்று அனுப்பியதே சந்திரசேகர்தான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அப்படிப் பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷனுக்குப் பயம் இருக்காதா, பாவம்!

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வாங்கினார், ராப்பகலாகப் படித்தார். கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடணும், முதல் அலையோடு முடியாது என்று படித்ததையெல்லாம் லயம் லயமாகப் போய்ச் சொன்னார்.

ரிசல்ட் பக்கம் பாதிதான் வந்திருக்கும். தரை ஆடியது. மேசை, சுவர், சொர்ணம்மா எல்லாமே ஆடின. நிற்கிற வழியாக இல்லை.

ஆட்டம் ஓய்ந்ததும் சந்திரசேகர் பழைய பக்கத்துக்குத் தாவினார். கொஞ்ச நேரத்தில் கச்சால் என்ற பெயர் சிவப்பில் வந்து நின்றது.

“பாகோ! எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க! தண்ணி வருது!”

லயம் லயமாக ஓடிக் கதவைத் தட்டினார். அடுப்பை அணைக்க நின்றவர்களைத் திட்டி விரட்டினார். நடக்க முடியாத ஒச்சம்மாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டு நாகராஜின் முதுகில் ஏற்றினார்.

கடைசி ஆளும் ஏறத் தொடங்கியதும், வீட்டுக்குள் போய்ப் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி.

“உசுருக்கு ஓடுற நேரத்துல மாப்பிள்ளை வேசம் கேக்குதாண்ணே?” நாகராஜ் கத்தினான்.

“இருக்கிறதுல இதான்டா நல்ல துணி.” சென்டர் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டார். “நீ ஏறு. நான் பின்னாலயே வாறேன்.”

சாயங்காலம் ரேடியோவில் சொன்னார்கள், எச்சரிக்கை வாபஸ் என்று. மேட்டில் ஒரே அழுகையும் சிரிப்பும். “அந்தப் பயந்தாங்கொள்ளி நல்லாயிருக்கணும்” என்று சொர்ணம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகுதான் தேடினாள். ஆளைக் காணோம்.

நாகராஜ் விழுந்தடித்துக் கீழே ஓடினான். உடைந்து கிடந்த பழைய படகுத்துறைப் பக்கம், தண்ணீரை ஒட்டிய மணலில், பட்டுவேட்டியோடு உட்கார்ந்திருந்தார் சந்திரசேகர்.

“அண்ணே! தப்பிச்சிட்டோம்ணே! அலை வரல!”

அவர் திரும்பவில்லை. கண்ணீர் வழிந்து தாடியை நனைத்திருந்தது. கடலைப் பார்த்துத்தான் பேசினார்.

“இந்த வாட்டியும் என்னையக் கூட்டிட்டுப் போகலியே, குமாரி.”