பார்க்காம அழிச்சிடு

டேட்டாபேஸ் மூன்றாவது முறையும் எழ மறுத்தது.

திரையில் அதே வரி. டிஸ்கில் இடமில்லை.

கீழே புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டிப் போய்விட்டது என்று தலைமை நர்ஸ் அதற்குள் நான்கு தடவை போன் பண்ணிவிட்டாள். யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எந்த ஊசி ஆகாது என்பதெல்லாம் இந்த சர்வர் பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டி வாய் திறக்காமல் ஊசியைக் கையில் எடுக்க அந்த ஆஸ்பத்திரியில் இப்போது யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அதைப் பார்த்துக்கொள்ள இருந்தவள், மாடியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவள் ஒருத்திதான். பத்து மாதத்துக்கு முன்புவரை இரண்டு பேர் இருந்தார்கள். இன்னொருவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். இங்கே அவளுக்கு வேலை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டாள். தெரியாததைக் கேட்க அவளுக்கு ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவரோடு பேசிப் பத்து மாதம் ஆகியிருந்தது.

வேறு வழியில்லாமல் அவர் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தார். எப்படி இருக்கிறாய் என்றோ, ஏன் இத்தனை நாள் என்றோ கேட்கவில்லை.

"என்ன சொல்லுது?"

சொன்னாள்.

"பயப்படாத. டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. மூச்சு விட இடமில்லாம நிக்குது, அவ்வளவுதான். எந்த ஃபோல்டர் வீங்கியிருக்குன்னு பாரு."

அவருக்குப் பின்னால் இரும்பை அறுக்கும் சத்தம். ஜன்னல் கம்பி செய்யும் பட்டறையில் வண்டிக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற வேலை என்று அம்மா சொல்லியிருந்தாள். பதினேழு வருடம் சர்வரைக் கட்டி மேய்த்த மனிதர்.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

ஒரு நாள் காலையில் ஒவ்வாமைப் பட்டியல் மொத்தமும் காலியாகிப்போனது. அத்தான்தான் கண்டுபிடித்தார். முந்தைய நாள் எடுத்து வைத்த நகலிலிருந்து அதை மீட்டுக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் எல்லா நோயாளிகளின் பெயருக்கும் நேரே 'ஒவ்வாமை: இல்லை' என்றே வந்துகொண்டிருந்தது. நான்காவது வார்டில் ஒரு தையல்காரிக்கு, ஆகவே ஆகாத ஊசியைப் போட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்தத் தையல்காரியின் உயிர் போய்விட்டது.

விசாரணைக்கு வேலையே இருக்கவில்லை. கமிட்டி உட்காருவதற்கு முன்பே, தன் கை தவறிவிட்டது என்று அத்தான் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒப்புக்கொண்ட ஆளிடம் யார் சாட்சி தேடப் போகிறார்கள்? மறுநாளே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் ஏழு மாத வயிற்றோடு அக்கா வீட்டுப் படியேறிப் போனாள். ஓர் உயிரைக் குடித்துவிட்டு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று, பிள்ளைகள் எதிரிலேயே கேட்டாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்காதான் எழுந்து அவள் பின்னாலேயே வாசல்வரை வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"பார்த்தியா?" என்றார் அத்தான் போனில்.

பார்த்தாள். பழைய லாக் கோப்புகள். யார், எத்தனை மணிக்கு, என்ன கட்டளை கொடுத்தார்கள் என்று சர்வர் தன்பாட்டுக்கு எழுதி வைக்கிற டைரி. ஒரு வருடமாக யாரும் ஒழித்துக்கட்டாமல் மலையாய்க் குவிந்து கிடந்தது.

"எல்லாம் பழைய குப்பை. பார்க்காம அழிச்சிடு."

அவளுக்குக் கை நின்றது. ஒரு கோப்பைத் திறந்து பார்க்காமல் அழிக்க விடுகிற ஆள் இல்லை அவர். அந்த விஷயத்தில் அவர் ஒரு பிடிவாதக்காரர் என்று ஆபீஸே கேலி செய்யும்.

தேதியைத் தேடி, அந்த நாளின் கோப்பைத் திறந்தாள்.

இரும்பு அறுபடும் சத்தம் மட்டும் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அத்தான்."

அந்த ஒரு கோப்பை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தாள். டேட்டாபேஸைக் கிளப்பினாள். இந்தத் தடவை அது மறுக்கவில்லை. இரண்டே நிமிடத்தில், வரிசை நகர ஆரம்பித்துவிட்டது என்று கீழேயிருந்து செய்தி வந்தது.

"ஏறிடுச்சு" என்றாள்.

"நல்லது." கொஞ்சம் தயங்கினார். "எதையும் திறந்து பார்க்கலியே?"

"இல்ல."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"பாப்பாவுக்குப் பல் முளைச்சிடுச்சா?"

"ரெண்டு" என்றாள். யாரோ அவரைச் சரக்கு ஏற்றக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டார்.

திரையில் கோப்பு திறந்தபடியே இருந்தது. காலை பத்து நாற்பத்திரண்டு. ஒவ்வாமைப் பட்டியலைக் காலி செய்யச் சொல்லும் கட்டளை. அதன் முன்னால் கட்டளை கொடுத்தவரின் லாகின் பெயர்.

அவளுடைய பெயர்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கறுப்பு விண்டோக்களைத் திறந்து வைத்திருந்தாள் அன்றைக்கு. ஒன்று சோதனைக்கு, ஒன்று நிஜம். சோதனைப் பட்டியலைத்தான் காலி செய்தோம் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.

அந்தப் பக்கத்தை பிரின்டருக்கு அனுப்பினாள். பேப்பர் தீர்ந்திருந்தது.

எழுந்து போய், அலமாரியிலிருந்து புதுக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.