மைனஸ் இருபத்தொன்பது

"ஜன்னல்ல கை வைக்காத. மூடினா வேர்த்துச் செத்துடும்" என்றார் ஆர்வோ.

இர்யா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தங்கை ஹில்கா வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டும் காது மூடிய தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கட்டிய புருஷனுக்கோ கம்ப்யூட்டருக்கு வேர்த்துவிடுமே என்று கவலை.

வெளியே மைனஸ் இருபத்தொன்பது. ஜன்னலைத் திறந்து, பலகை அடித்து, அதில் துணி உலர்த்தும் மெஷினின் குழாயைச் செருகியிருந்தார் ஆர்வோ. வெளிக்காற்று நேராகக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் போனது. வாங்கியபோது இருந்ததைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் அதை விரட்டிக்கொண்டிருந்தார், குளிர் இல்லாவிட்டால் சூட்டில் நின்றுவிடும். ஜன்னலைச் சட்டென்று மூடினால், குளிரிலிருந்து வீட்டுக்குள் வருகிறவரின் மூக்குக்கண்ணாடி மாதிரி உள்ளே நீர் பூத்துவிடும். ஒரு சொட்டு போதும், எல்லாம் போச்சு.

கம்ப்யூட்டரை இப்படி ஓட்டிப் போட்டி போடுகிற பிள்ளைகள் அவர்கள் இருந்த கயானி ஊரில் உண்டு. இர்யா அதைத்தான் நினைத்தாள்.

"அறுபத்தெட்டு வயசுல உனக்கு ரேஸ் கேக்குதா ஆர்வோ? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனைக் கேள்விப்பட்டிருக்கேன். வீட்டை உறைய வைக்கிறவனை இப்பத்தான் பாக்கறேன்."

ஆர்வோ பேச்சுக்குப் பேச்சு கொடுக்கிற ஆள் இல்லை. காகித ஆலையில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மனிதர்களைவிட மெஷின்களோடு அதிகம் பேசியவர். ஆனாலும் அன்றைக்குச் சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், டாக்டர் ஹில்காவின் மறதிக்குப் பெயர் சொன்ன வாரம், அவள் இந்தக் கம்ப்யூட்டரில் ஏழு நாள் உட்கார்ந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். எழுதிப் பூட்டிவிட்டாள். பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டால், "உனக்குத் தெரிஞ்சதுதான் ஆர்வோ" என்பாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். பாவம், அதற்குள் மறந்துவிட்டாள், சமாளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் ஆர்வோ. அடுத்த வருஷம் அவரையே மறந்துவிட்டாள்.

அவர் தன் பெயரைப் போட்டார், அவள் பெயரைப் போட்டார். நாயின் பெயர், படகின் பெயர், கல்யாண நாள், கோடையில் போகும் ஏரி என்று நானூறு வார்த்தை எழுதி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றுக்கும் திறக்கவில்லை. அதனால்தான் எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பார்க்கும் வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். சாதாரண வேகத்தில் ஓடினால் பல வருஷம் ஆகும். இப்படி ஓட்டினால் இரண்டு குளிர்காலம். இது இரண்டாவது.

இர்யாவின் கோபம் இறங்கிவிட்டது. அந்தப் பட்டியலை வாங்கி ஒரு தரம் முழுக்கப் படித்தாள்.

"எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டியா?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?"

ஆர்வோ எழுந்து போய் வெப்பமானியைப் பார்த்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஹில்காவைக் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவத்தி ஏற்றக் கூட்டிப்போகிறவள் இர்யாதான். ஆர்வோ காரைவிட்டு இறங்கவே மாட்டார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த ஊரில் மரியாதை.

திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் ஓர் இடம் காலியாகிறது, இந்தக் குளிரில் அதற்குமேல் ஒரு நாளும் தங்கையை விட்டுவைக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதுவரைக்கும் விடு என்றார் ஆர்வோ.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் ஹில்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஃபேன் இரைச்சல் நின்றது. கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினார். கடிதம் திறந்திருந்தது. மேலே, பூட்டைத் திறந்த ஒரே ஒரு சொல்.

தூலிக்கி.

நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்குப் பிறந்து, இரண்டே நாள் இருந்த மகள். பாதிரியார் வருவதற்குள் உயிர் போய்விடுமோ என்று நர்ஸ் அம்மாவே அவசரமாக ஞானஸ்நானத் தண்ணீர் தெளித்து வைத்த பெயர். அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து ஆர்வோ அதை உச்சரித்ததில்லை.

நானூறு வார்த்தை தட்டிய விரல் அந்த ஒன்றை மட்டும் தட்டவில்லை. மறந்துபோய் இல்லை. அந்த ஒரு பெயரைத் தன் கையால் எழுத முடியாமல்தான் இரண்டு குளிர்காலம் வீட்டையே உறைய வைத்திருந்தார். ஏழு நாள் எழுதிய கடிதத்தில் மிஞ்சியிருந்தது நாலே வரி.

'நன்றி ஆர்வோ. கடைசியில் நீயே அவள் பெயரை எழுதிவிட்டாய். இதற்காகத்தான் பூட்டினேன். வா, எனக்கு ஞாபகம் இருக்கும்போதே அவளைப் பற்றி ஒரு தடவை பேசிவிடுவோம்.'

அவர் சமையலறைக்கு வந்தார். ஹில்காவின் முன்னால் முழங்காலிட்டு, கையுறை போட்ட அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது.

ஹில்கா திடுக்கிட்டாள். வாசல் பக்கம் பார்த்துவிட்டு, ஒரு விரலை எடுத்து அவர் உதட்டின்மேல் வைத்தாள்.

"மெதுவா. அந்தப் பேரை இந்த வீட்ல சொல்லாதீங்க, என் வீட்டுக்காரர் தாங்க மாட்டார்."