அடுத்த நிலையத்தில் நின்றவர்

ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்த கணவர், பூங்கா பூங்காவாகத் தப்பான வழியில் நடத்தியே தையல்காரியின் உயிரை வாங்கிவிட்டார். கனத்த பையும் அவள் தோளில்தான். இப்போது அவள் மெட்ரோவில் ஏறியதும் கதவு மூடிக்கொண்டது. அவர் நடைமேடையில் வரைபடத்தை வெறித்துக்கொண்டு நின்றார்.

“இந்த மனுஷனோட மாரடிக்க முடியல!” தலையிலடித்துக்கொண்டு அடுத்த நிலையத்தில் இறங்கினாள். அங்கே அவர் காத்துக்கொண்டிருந்தார்.

“களைச்சுப்போயிட்டியேம்மா, பையைக் குடு.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லாத வார்த்தை. பையைக் கழற்றிக் கொடுத்தாள். வழி யாரிடமும் கேட்காமல் நேராகப் பூங்காவுக்கு அழைத்துப்போய், நிழலாகப் பார்த்து அவளை உட்காரவைத்தார்.

கைப்பேசி அடித்தது. கணவரின் குரல். “எங்கடி போய்த் தொலைஞ்சே? நான் இன்னும் அதே ஸ்டேஷன்லதான் நிக்கறேன், அடுத்த ரயிலே வரல!”

அதே முகத்தோடு பக்கத்திலிருந்தவர் குனிந்து அவள் செருப்பிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“அவசரமில்லைங்க,” என்றாள். “மெதுவாவே வாங்க.”